கூட்டத்துக்குள் ஒளியும் புற்றுசெல்

கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டினால், பெரும்பாலும் அது ஏதாவது ஒரு தொற்றோடு வந்து தானாக அடங்கிவிடும். வலியே இல்லாமல், வாரக்கணக்கில் வற்றாமல், மெல்லப் பெரிதாகும் நெறியைத்தான் மருத்துவர்கள் கவலையோடு பார்க்கிறார்கள். அதன் பின்னால் இருக்கக்கூடிய நோய்களில் ஒன்று ஹாட்ஜ்கின் லிம்போமா என்னும் நிணநீர்க்கணுப் புற்று.

லண்டன் கய்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் ஹாட்ஜ்கின், 1832-இல் இந்நோயை முதலில் விவரித்தார். பிணப் பரிசோதனையில் வெறுங்கண்ணால் கண்டதை வைத்தே அதை எழுதினார். இதன் அடையாளச் செல்லை நுண்ணோக்கியில் பார்த்து விளக்கியவர்கள் கார்ல் ஸ்டெர்ன்பெர்க் (1898), டோரத்தி ரீட் (1902) இருவரும். ஸ்டெர்ன்பெர்க் இதைக் காசநோயின் ஒரு வகையாகக் கருதினார்; ரீட் அதை மறுத்து, இது தனி நோய் என்றார்.

ரீட்–ஸ்டெர்ன்பெர்க் செல் உருவில் மிகப் பெரியது. இரண்டு உட்கருக்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் செந்நிறத்தில் ஒரு பெரிய உட்கருமணி: ஆந்தை நம்மை நேராகப் பார்ப்பது போலிருக்கும்.

வியப்பு என்னவென்றால், கட்டியில் இந்தப் புற்றுசெல்கள் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். மீதியெல்லாம் டி செல்கள், இயோசினோஃபில்கள், பிளாஸ்மா செல்கள் என நோயாளியின் சொந்த எதிர்ப்புப் படை. புற்றுசெல்லே வேதிப்பொருள்களைச் சுரந்து அவற்றை வரவழைக்கிறது. வந்த டி செல்கள் தன்னைத் தாக்காதபடி, பிடி-எல்1 என்ற புரதத்தைத் தன்மேல் ஏந்தி அவற்றை அடக்கியும் வைக்கிறது. இத்தனைக்கும் அந்தப் புற்றுசெல்லும் அதே எதிர்ப்புப் படையைச் சேர்ந்த பி செல்லிலிருந்து திரிந்து வந்ததுதான். 1990-களில், செல்களைத் தனித்தனியாகப் பிரித்து மரபணுவை ஆராய்ந்தபோது இது உறுதியானது.

கட்டியில் புற்றுசெல்கள் இவ்வளவு அரிதாக இருப்பதால்தான் ஊசியால் உறிஞ்சிய சில துளிகள் இந்நோயைக் கண்டறியப் பெரும்பாலும் போதுவதில்லை. கணுவை முழுதாக எடுத்து, சுற்றியுள்ள செல்களையும் நார்த்திசுவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிடி30, சிடி15 புரதங்களுக்கான சாயச் சோதனை முடிவை உறுதிப்படுத்தும்.

காசநோய் நெறி பரவலாக உள்ள நம் நாட்டில், இந்நோயின் நெறியையும் காசநோய் என்றே கருதிவிட வாய்ப்புண்டு; அதனால் இது உயிர் காக்கும் செய்தி. காசநோய் மருந்துக்கு நெறி கரையவில்லை என்றால், முழுக் கணு பயாப்ஸி பற்றி மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். உரிய சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலானோர் முழுமையாகக் குணமாகும் புற்று இது. அந்த வாய்ப்பைத் தாமதத்துக்குப் பலி கொடுக்கக் கூடாது.