நம்பிக்கை குறைந்த உலாவியும் வங்கிக் கணக்கும்

இந்தியாவில் மிகப் பரவலாக இருந்த யூசி பிரவுசரை 2015-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆராய்ந்தது. பயனாளர் தேடிய சொற்கள் மறையாக்கமின்றி வெளியே செல்வது தெரியவந்தது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடைசெய்த 59 செயலிகளுள் அதுவும் ஒன்று. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பலர் அதையே தொடர்ந்து பயன்படுத்தினர். ஐயம் எழுந்தபின் தடைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

நம் பெங்களூரிலேயே 2010-இல் உருவான எபிக் உலாவி, 2013 முதல் தனியுரிமையை முதன்மையாகக் கொண்டுள்ளது. மூடியவுடன் பார்த்த பக்கங்களின் பதிவையும் குக்கிகளையும் அழித்துவிடும். பயர்பாக்ஸும் பிரேவும் பின்தொடரும் நிரல்களைத் தடுப்பவையே. ஆனால் இத்தகைய உலாவிகள் சிலவற்றில் கிடைக்கும் பிராக்சி வசதியை வங்கிப் பணியின்போது அணைத்துவிட வேண்டுகிறோம். தாங்கள் ஜெயநகரில் அமர்ந்திருக்க, உள்நுழைவு வேறொரு நாட்டிலிருந்து வருவதாக வங்கியின் கணினிக்குத் தோன்றும்; பரிவர்த்தனை நிறுத்தப்படலாம்.

பழைய உலாவியை நீக்கினால் மட்டும் போதாது. ஒத்திசைவின் வழியே அந்நிறுவனத்தின் வழங்கியில் சேர்ந்த கடவுச்சொற்கள் அங்கேயே இருக்கும். முதலில் அவற்றை அழித்து, பின்னர் இணைய வங்கிக் கடவுச்சொல்லைப் புதிய உலாவியிலிருந்து மாற்றுங்கள். முகவரியைத் தாங்களே தட்டச்சு செய்யுங்கள். ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி அது 'டாட் பேங்க் டாட் இன்' என முடிய வேண்டும்.