முதுகெலும்பு முறிவு: புதுசா, பழசா?



செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் அக்காள் ஒருவர், வயது ஐம்பத்தெட்டு, என்னிடம் வந்தார். மழையில் வழுக்கிப் பொத்தென்று உட்கார்ந்தபடி விழுந்து பதினைந்து நாள் ஆகிவிட்டது. "பிடிப்புதான் ஐயா, எண்ணெய் போட்டு உருவினேன், கேக்கல" என்றார். எக்ஸ்ரே எடுத்ததில் இரண்டு முள்ளெலும்புகள் ஆப்பு மாதிரி நசுங்கியிருந்தன.

இந்த முறிவு இப்போது விழுந்ததில் வந்ததா, முன்பே இருந்ததா? இது சின்னக் கேள்வி அல்ல. புதுசு என்றால் ஓய்வு, இடுப்புப் பட்டை, வலி மருந்து, சிலருக்கு எலும்புக்குள் சிமெண்டு ஊசி. பழசு என்றால் வலிக்கு வேறு காரணம் தேட வேண்டும். சொக்சோ நஷ்டஈட்டுக்கும் இந்தப் பதில்தான் முக்கியம்.

பால்மரத்தை நினைத்துப் பாருங்கள். இன்று வெட்டிய காயத்தில் ஈரம் கசியும். பழைய காயம் காய்ந்து பட்டை மூடிவிடும். எலும்பும் அப்படித்தான். புதிதாக ஒடிந்தால் உள்ளே இருக்கும் மஜ்ஜையில் இரத்தமும் நீரும் கோர்த்துக்கொள்ளும். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பின் வடிவம்தான் தெரியும், ஈரம் தெரியாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அதை நன்றாகக் காட்டும். ஆனால் இருதயத்தில் சில வகை பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு அது ஆகாது.

இங்கேதான் புதிய வகை சி.டி. ஸ்கேன் கைகொடுக்கிறது. 1971-இல் லண்டனில் முதன்முதலாக நோயாளிக்கு சி.டி. எடுத்தார்கள். அதைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டு 1979-இல் நோபல் பரிசு பெற்றார். 2006 முதல் இரண்டு எக்ஸ்ரே குழாய் பூட்டிய எந்திரம் புழக்கத்துக்கு வந்தது. ஒரே நேரத்தில் இரண்டு விதச் சக்தியில் படம் பிடிக்கும். சுண்ணாம்புச் சத்து இரண்டிலும் வேறு வேறாகத் தெரிவதால், கம்ப்யூட்டர் அதைக் கழித்துவிட்டு மஜ்ஜையின் ஈரத்தை மட்டும் நிறம் போட்டுக் காட்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்த வசதி இராது. டாக்டரிடம் கேளுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். அந்த ஈரம் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில்கூட நிற்கும். எனவே எந்த ஸ்கேனும் "இந்தத் தேதியில் விழுந்தார்" என்று சொல்லாது. அந்த அக்காளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு முறிவு புதுசு, மற்றது பழசு. ஆனால் விழுந்த அன்று அவர் யாரிடமும் சொல்லவில்லை, பதிவில் ஒரு வரி கிடையாது. இன்னும் அலைந்துகொண்டிருக்கிறார்.

ஆகவே, வேலையில் விழுந்தால் அன்றே மண்டோரிடம் சொல்லுங்கள். டிஸ்பென்சரியில் நாள், நேரம், இடம் எழுதச் சொல்லுங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி.

முதுகை உருவ வேண்டாம். பெயர் தெரியாத ஜாமு, வலி மாத்திரை வாங்கிச் சாப்பிட வேண்டாம். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், அது எலும்பை அரித்துவிடும். மாதவிலக்கு நின்ற தாய்மார்களுக்கு எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கும், இலேசான விழுகையே போதும்.

கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தன்னறியாமல் போனாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். அசைக்காமல் படுக்க வைத்து ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

முதுகு நமக்குச் சோறு போடுவது. வெட்கப்பட்டு வலியை மறைக்காதீர்கள்!