சங்கின் பெயரில் இருந்த சங்கு

ராமேசுவரத்தில் அக்னி தீர்த்தத்துக்குப் போகிற வழியில் சங்கு விற்கும் கடைகளுக்குக் குறைவில்லை. கடைக்காரர் ஒன்றை எடுத்து, "காதுல வச்சுப் பாருங்க, கடல் சத்தம் கேக்கும்" என்பார். கேட்கும்தான். அடுத்த முறை போனால் காதுக்குக் கொண்டுபோகும் முன் அதன் வாய்க்குள் பாருங்கள். உள்ளே நடுத்தண்டின் குறுக்கே மூன்று அல்லது நான்கு மடிப்புகள், வயல் வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். விரலை விட்டால் தட்டுப்படும். சங்குக்கு அறிவியல் பெயர் வைக்கப்போய் அறிஞர்கள் இடறி விழுந்தது இந்த வரப்புகளில்தான்.

உயிர்களுக்கு இரட்டைப் பெயர் சூட்டும் வழக்கத்தை நிலைநாட்டிய ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ், 1767-இல் நம் சங்குக்கு 'வலூட்டா பைரம்' என்று பெயரிட்டார். பைரம் என்றால் பேரிக்காய். பருத்த வயிறும் ஒடுங்கிய வாலுமாக இருப்பதைப் பார்த்தால் பெயர் பொருந்தத்தான் செய்கிறது. சிக்கல் முன்பெயரில். நடுத்தண்டில் மடிப்பு தெரிந்த நத்தைகளையெல்லாம் அவர் 'வலூட்டா' என்ற ஒரே பெட்டியில் போட்டார். ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று பின்னால் தெரியவந்த பல வகைகள் அதில் கிடந்தன.

வெளித்தோற்றத்தை நம்பி அவர் ஏமாந்தது இது ஒன்றில் மட்டுமல்ல. ஐரோப்பியக் குட்டைகளில் சாதாரணமாகக் காணப்படும் நியூட் என்ற பிராணி, தவளையின் சொந்தக்காரன். உருவம் மட்டும் பல்லி. லின்னேயஸ் 1758-இல் அதைப் பல்லிகளோடு சேர்த்து 'லாசெர்டா வல்காரிஸ்' என்றார். முதலையும் அதே 'லாசெர்டா'வில்தான் இருந்தது! பிறகு 1768-இல் லாரெண்டி என்பவர் நியூட்டுகளைத் தனியே பிரித்து, கிரேக்கக் கடல் தெய்வமான டிரைட்டனின் பெயரை வைத்தார். அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொரு உயிருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டதால் செல்லவில்லை. 'டிரைட்டுரஸ்' வந்தது, இப்போது 'லிசோடிரைட்டன் வல்காரிஸ்'. டிரைட்டன் கையில் வைத்து ஊதுவது என்ன தெரியுமா? சங்கு.

நம் சங்கின் கதைக்கு வருவோம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் போல்டன் என்றொரு மருத்துவர் கிளிஞ்சல்களைச் சேர்த்து வைத்திருந்தார். அவர் இறந்தபின் சேகரிப்பை ஏலம் விடுவதற்காக ரோடிங் என்பவர் 1798-இல் ஒரு பட்டியல் அச்சிட்டார். அதில் சங்கின் இனத்துக்கு அவர் வைத்த பெயர் 'ஸாங்கஸ்'. சொல்லிப் பாருங்கள். நம் ஊர்ச் சங்கு ஐரோப்பிய வணிகர்களின் நாவில் உருண்டு, லத்தீன் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. மறு ஆண்டே, பிரான்சில் லமார்க் அதே இனத்துக்கு 'டர்பினெல்லா' என்று பெயர் வைத்தார்; சின்னப் பம்பரம் என்று பொருள்.

ஏலப் பட்டியலை யார் பத்திரப்படுத்துவார்கள்? ரோடிங்கின் பிரதிகள் அரிதாகி, நூறு ஆண்டுக்கு மேல் டர்பினெல்லாவே செல்லுபடியானது. சென்னை மாகாண மீன்துறையில் முத்து, சங்குக் குளிப்புகளைக் கவனித்த ஜேம்ஸ் ஹார்னெல், 1914-இல் இந்தியச் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார், அதிலும் டர்பினெல்லாதான். இதற்கிடையே பழைய பட்டியல் ஆய்வாளர்களின் பார்வைக்கு மீண்டும் வந்தது. முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. ஓராண்டு மூத்த ஸாங்கஸ் அரியணை ஏறியது.

அதுவும் நிலைக்கவில்லை. விலங்குப் பெயரிடலுக்கான பன்னாட்டு ஆணையம் 1957-இல் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, நெடுங்காலம் புழங்கிய டர்பினெல்லாவே நிற்கட்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு நியாயம்தான், பெயர் அடிக்கடி மாறினால் யாருக்கும் உதவாது. ஆனாலும் சங்கின் பெயரிலிருந்து சங்கையே எடுத்துவிட்டார்களே என்று எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மண்டபம் பக்கத்து ஆய்வாளர்களுக்கும் இருந்ததோ என்னவோ, தீர்ப்பு வந்து பல ஆண்டுகள் கழித்தும் நம் நாட்டுக் கட்டுரைகளில் ஸாங்கஸ் தலைகாட்டிக்கொண்டே இருந்தது. இன்றைய முழுப்பெயர்: டர்பினெல்லா பைரம் (லின்னேயஸ், 1767). அந்த அடைப்புக்குறி அலங்காரத்துக்கு இல்லை. பெயர் வைத்தவர் வேறு இனத்தில் வைத்தார், பிறகு இடம் மாறியது என்பதற்கு அது அடையாளம்.

இத்தனை வழக்கும் நடந்த காலத்தில், கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துச் சங்குகுளிகாரர்கள் தங்களுக்கென்று ஒரு வகைப்பாடு வைத்திருந்தார்கள். பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவில் கிடைப்பது ஜாதிச் சங்கு. வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில் கிடைப்பது பட்டிச் சங்கு. ஜாதிக்கு முனை நீண்டிருக்கும், விலையும் கூடுதல். பட்டிக்கு முனை குட்டை. வங்காளத்துக்கு வளையல் அறுக்க அனுப்பிய வியாபாரிகள் பார்த்தவுடனே சொல்லிவிடுவார்கள். அறிஞர்களும் இதையே ஒட்டி 'அக்யூட்டா', 'ஆப்டூசா' என்று வகை பிரித்தார்கள். லத்தீனில் கூர்முனை, மழுங்குமுனை, அவ்வளவுதான்.

பக்கத்துப் பக்கத்துக் கடலில் எப்படி இந்த வேற்றுமை? விடை முட்டையில் இருக்கிறது. பல கடல் நத்தைகளின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து எங்கெங்கோ போய்ச் சேரும். சங்கு அப்படியில்லை. முறுக்கிய கிடாக்கொம்பு போல, அறை அறையாக ஒரு முட்டைக்கூட்டை மணலில் ஊன்றிவிட்டுப் போகும். குஞ்சு ஓட்டோடு வெளியே வந்து அங்கேயே ஊர்ந்து பிழைக்கும். மணலில் புழு தின்று வளரும் இந்த உயிர் பிறந்த இடத்தை விட்டு அதிக தூரம் போவதில்லை. ஊருக்கு ஊர் முகம் மாறுவதில் வியப்பில்லை.

வலம்புரி விஷயத்தில் மட்டும் நமக்கும் அறிவியலுக்கும் நேர் எதிர். அவர்கள் சங்கின் கூம்பு முனையை மேலே வைத்து, வாயைத் தங்கள் பக்கம் திருப்பிப் பார்ப்பார்கள். வாய் வலக்கைப் பக்கம் வந்தால் வலஞ்சுழி. சாதாரணச் சங்கெல்லாம் இதில் சேரும். நாம் வால் மேலே, கூம்பு கீழே வைத்துப் பார்க்கிறோம்; அதே சங்கின் வாய் இடப்பக்கம் வந்துவிடுகிறது. ஆகவே இடம்புரி. நம் வலம்புரி, அவர்கள் ஏட்டில் இடஞ்சுழி. யார் சொல்வதும் தப்பில்லை, பிடிக்கிற பக்கம்தான் வேறு.

வலம்புரி மிக அபூர்வம். மெக்சிகோ வளைகுடாவிலும் அமெரிக்கக் கிழக்குக் கரையிலும் வேறொரு நத்தை உண்டு. அது பிறப்பிலேயே இடஞ்சுழி, அங்கே ஏராளம். அதுதான் இங்கே வலம்புரி என்று பட்டுத்துணி சுற்றி விற்கப்படுகிறது. சங்கின் குடும்பமே இல்லை அது. ஆயிரங்களை எண்ணிக் கொடுப்பதற்கு முன் வாய்க்குள் விரலை விட்டுத் தடவுங்கள். லின்னேயஸை இடறவைத்த அந்த மூன்று நான்கு வரப்புகள் தட்டுப்படவில்லை என்றால், பணத்தைத் திரும்பப் பைக்குள் வையுங்கள்.