கோடையில் வாங்கிய நான்கு

பாப்பாரப்பட்டிக்குச் சென்றிருந்தேன், ஒரு திருமண வீட்டுக்கு. தொழுநோயாளி ரயிலேறக் கூடாது என்ற தடையால் ஊர் ஊராக நடந்தலைந்த சுப்பிரமணிய சிவா, 1925-இல் கண்மூடிய ஊர் அது. பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டருகே வந்தால், ஒரு தம்பி காத்து நின்றான். அரசியல் கேட்பான் என்று எண்ணினேன். அவன் கேட்டதோ மதிப்பெண் கணக்கு!

வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்தவன். கோடையில் ஒரு பாடம் எடுத்தான். பகலெல்லாம் பெங்களூரில் தகப்பனாரோடு கட்டட வேலை. இரவிலே கைப்பேசியில் பாடம். தேறிவிட்டான், ஆனால் கடைசிப் படியில். இப்போது ஊருக்கருகே, சேலம் பெரியார் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றுக்கு மாற விருப்பம்.

"அந்தக் கெட்ட மார்க்கும் என்கூட வருமாண்ணே?"

சிறிய கேள்வியா இது? கணக்கைப் போட்டுப் பாருங்கள். மானியக் குழுவின் பத்துப் புள்ளி முறையில் வெறுந்தேர்ச்சிக்கு 4 புள்ளி. இருபது கிரெடிட்டில் எட்டு எட்டாக வாங்கியவன் சராசரி 8. நான்கு கிரெடிட் கோடைப் பாடத்தில் 4 வாங்கினால் சராசரி 7.33! ஒரு கோடையின் வியர்வை, ஓராண்டின் உழைப்பைத் தின்றுவிடுகிறது.

அமெரிக்காவில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள், மாறி வரும் மாணவனின் கிரெடிட்டை ஏற்கும். சராசரியைத் தம்மிடம் படிக்கும் பாடங்களிலிருந்து புதிதாகத் தொடங்கும். தாராளம்தான்! ஆனால் 'சி' தரத்துக்குக் கீழே போனால், பாடத்தையே ஏற்க மறுப்பதும் அங்கே வழக்கம். நம் தம்பியின் 4 அந்த வாசலைத் தாண்டாது.

இங்கே? 2021-இல் 'கல்விக் கிரெடிட் வங்கி' திறந்தார்கள். சேர்த்த கிரெடிட் ஏழாண்டு செல்லுமாம். பட்டம் தரும் நிறுவனத்தில் பாதியாவது படித்திருக்க வேண்டுமாம். வங்கி என்றால், போட்ட பணம் எந்தக் கிளையிலும் செல்ல வேண்டாமா? இந்த வங்கியிலோ, பாடத்திட்டம் பொருந்துகிறதா என்று சேரும் கல்லூரி பார்த்துச் சொன்னால்தான் காசு காசாகும்!

2022-இல் வந்த இளங்கலைத் திட்டத்தையும் பாருங்கள். ஓராண்டில் 40 கிரெடிட், கோடையிலே 4 கிரெடிட் தொழிற்பாடம். சான்றிதழை வாங்கிக்கொண்டு வெளியேறலாம். ஆம், வெளியேறக் கதவு அகலத் திறந்திருக்கிறது. ஒரு கல்லூரியிலிருந்து மறு கல்லூரிக்குப் போகும் கதவுதான் குனிந்து நுழையும் கதவு. 1997-க்கு முன் தருமபுரியும் திருப்பத்தூரும் சென்னைப் பல்கலைக்கழகம் என்ற ஒரே குடையின் கீழ் இருந்தன. இன்று ஒன்று சேலத்தின் பக்கம், மற்றொன்று வேலூர்த் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் பக்கம். பேருந்தில் போய்விடலாம், பாடம்தான் போவதற்கு அனுமதி கேட்டு நிற்கிறது.

கிரெடிட் வரட்டும், புள்ளி பழைய இடத்திலேயே நிற்கட்டும் என்கிறேன் நான். சோம்பல் வளருமே என்பார்கள் சில பேராசிரியர்கள். பழைய மதிப்பெண் பட்டியலை எரிக்கவா சொன்னேன்? அது கையில்தானே இருக்கிறது! வேலை தருபவர் கேட்டால் காட்டட்டும்.

தம்பியிடம் சொன்னேன்: "படித்த பாடத்தின் திட்டத்தை முத்திரையோடு வாங்கு. எந்தப் பாடத்தை ஏற்கிறார்கள், புள்ளியைச் சேர்க்கிறார்களா என்பதைச் சேரப்போகும் இடத்தில் எழுத்தில் கேள். அது கைக்கு வரும்வரை மாற்றுச் சான்றிதழ் கேட்டுப் போகாதே."

"எழுத்தில் தருவாங்களாண்ணே?" என்றான்.