காரின் உள்பக்கம் பெயிண்ட் அடிச்ச பில்லை கணக்குல எழுதலாமா?

குமாரபாளையத்துல விசைத்தறி வெச்சிருக்கிற ஒரு கிளையன்ட் போன வாரம் ஆபீஸ் வந்தார். வெயில்ல நின்னு நின்னு அவர் காரோட கதவு பேனல் எல்லாம் வெளுத்துப்போச்சு. "பெயிண்ட் அடிச்சா செலவு, புதுசா மாத்துனா சொத்துன்னு சொல்றாங்க, நிஜமுங்களா?"ன்னு கேட்டார்.

பதில் ஒரு பழைய மில் வழக்குல இருக்கு. சரவணா ஸ்பின்னிங் மில்ஸ் வழக்குல (2007) உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: இருக்கிற சொத்தைப் பாதுகாக்கிற செலவுதான் 'நடப்புப் பழுது'. ரிங் ஃபிரேம் தனி இயந்திரம். அதையே மாத்துனா அது பழுதுபார்ப்பு ஆகாது.

இதை காருக்குப் பொருத்திப் பாருங்க. கார்தான் சொத்து, பேனல் அதோட ஒரு பாகம். அதனால பெயிண்ட் அடிச்சாலும், அதே மாதிரி பேனல் மாத்துனாலும் பழுதுச் செலவுதான். இதுவரை இல்லாத டச் ஸ்கிரீனைப் புதுசா மாட்டுனா அது மூலதனம். தேய்மானம் மட்டும்தான் கிடைக்கும்.

மூணு விஷயம் கவனிங்க:

1. கார் தொழிலுக்கும் வீட்டுக்கும் ஓடுதுன்னா, தொழில் பங்கு மட்டும்தான் செலவு. சம்பளக்காரங்க சொந்தக் காருக்குக் கழிவு எதுவும் இல்லை.

2. 13 சீட் வரைக்குமான பயணிகள் காருக்கு, பழுது பில்லுல உள்ள ஜிஎஸ்டிக்குப் பொதுவா கிரெடிட் கிடையாது. டாக்ஸி, டிரைவிங் ஸ்கூல் மாதிரி சிலதுக்கு விலக்கு உண்டு. சரக்கு ஏத்துற பிக்கப்புக்கு கிரெடிட் எடுக்கலாம்.

3. 30% வரி கட்டுறவர் ரூ.5,000 செலவு பண்ணா சுமார் ரூ.1,500 மிச்சம். மீதி ரூ.3,500 உங்க பாக்கெட்ல இருந்துதான் போகுது. வரி மிச்சத்துக்காக செலவு பண்ணாதீங்க!

வரியில ரெண்டுமே ஒண்ணுன்னா, எது மலிவோ அதைப் பண்ணுங்க. நீங்களே அடிக்கிறதா இருந்தா, பழைய பாலிஷ் எண்ணெய்ப்பசை போக சோப்புத் தண்ணில நல்லா கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால துடைங்க. பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்ல பெயிண்ட் நேரா ஒட்டாது. அதுக்கான பிரைமர் போட்டு, மெல்லிசா ரெண்டு மூணு கோட் அடிங்க. பிரைமர், பெயிண்ட் பில்லைப் பத்திரமா வைங்க, அதுவும் செலவுதான்.

ஏர்பேக் மூடி மேல மட்டும் கை வைக்காதீங்க. விபத்து நேரத்துல அது சரியா கிழிஞ்சு திறக்கணும். அங்க பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

உங்க பில்லுல சந்தேகம் இருந்தா கமென்ட்ல கேளுங்க, அடுத்த வீடியோவுல பேசலாம்.