மௌன ஏலம்: கொடுப்பவரின் கூச்சம் போக்கும் முறை

‘ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்’ என்று உரக்கக் கூவிப் பொருளை முடித்துக் கொடுக்கும் ஏலத்தைத்தான் நாம் பெரும்பாலும் அறிவோம். தர்ம காரியத்துக்காக அவ்விதம் ஏலம் விடுவதும் நமக்குப் புதிதன்று. 1934-ஆம் ஆண்டில் ஹரிஜன நிதிக்காகத் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்த காந்தியடிகள், தமக்கு அளிக்கப்பட்ட வரவேற்புப் பத்திரங்களையும் பரிசுப் பொருள்களையும் மேடையிலேயே ஏலமிட்டுப் பணமாக்கினார். அறுப்பின் பண்டிகையன்று கிறிஸ்தவ ஆலயங்களின் முற்றத்தில் ஒரு பூசணிக்காயும் ஒரு சேவலும் கடைவிலைக்குப் பல மடங்கு மேலான தொகைக்குப் போவதை இன்றும் காணலாம். ஆனால், இத்தகைய ஏலத்தில் குரல் உயர்ந்தவரே முன்னிற்கிறார். கொடுக்க மனமிருந்தும் கூட்டத்தின் நடுவே வாய் திறக்கக் கூசுகிறவர் பின்வரிசையிலேயே இருந்துவிடுகிறார். அவரையும் கொடையாளியாக்கும் பொருட்டு அமெரிக்கா, பிரிட்டன் முதலிய தேசங்களில் பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரிகளும் தேவாலயங்களும் கைக்கொண்டு வரும் முறையே மௌன ஏலம்.

விருந்து நடைபெறும் மண்டபத்தின் ஓரமாக மேஜைகளை வரிசையாக இட்டு, நன்கொடையாக வந்த பொருள்களை அவற்றின்மீது பரப்பி, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு காகிதத்தையும் நூலால் கட்டிய ஒரு பேனாவையும் வைத்திருப்பார்கள். காகிதத்தின் மேற்பகுதியில் பொருளின் எண், பெயர், வர்ணனை, அளித்தவர், கடைவிலை, ஆரம்பக் கேள்வி, ஒவ்வொரு முறையும் குறைந்தது எவ்வளவு உயர்த்திக் கேட்க வேண்டும் என்ற விவரம் ஆகியவை இருக்கும். கீழே கேட்பவர்கள் எழுதுவதற்கான கோடுகள். வருகிறவர்கள் உலாவியபடியே, தமக்கு விருப்பமான பொருளுக்குத் தாம் கொடுக்கச் சம்மதிக்கும் தொகையை எழுதிச் செல்வார்கள். பின்னால் வருகிறவர் அதற்கு மேல் எழுதுவார். குறித்த நேரத்தில் காகிதங்கள் எடுக்கப்படும்பொழுது, கடைசிக் கோட்டில் நிற்பவருக்கே பொருள் உரியதாகும்.

பார்வைக்கு எளிதான இந்த முறை சில இடங்களில் எதிர்பார்த்த பலனைத் தராமற் போவதற்குக் காரணம், நடத்துகிறவர்கள் பொருள்களிடத்தில் காட்டும் சிரத்தையை மனிதரிடத்தில் காட்டாமையே. கொடுப்பவருக்கு இரண்டு தடைகள் உண்டு: தம் தொகை சிறிதென்று பிறர் எண்ணுவார்களோ என்ற கூச்சம் ஒன்று; தாம் கொடுப்பது சேர வேண்டிய இடத்தில் சேருமோ என்ற ஐயம் மற்றொன்று. இவ்விரண்டையும் நீக்குவதே நோக்கம் என்று கண்டுகொண்டால், எதை எப்படிச் செய்வது என்பது தானே விளங்கும். முதலாவதாக, காகிதத்தில் பெயரை எழுதச் சொல்லலாகாது. வாயிலிலேயே விருந்தினர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணைக் கொடுத்துப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, அந்த எண்ணையே எழுதச் செய்தால், பெரிய தனவந்தர் கேட்டதற்கு மேல் கேட்பது மரியாதைக் குறைவாகுமோ என்று ஓர் ஆசிரியர் தயங்க வேண்டியதில்லை. 40 டாலரோடு நின்றுவிட்டவரை யாரும் சுட்டிக்காட்டவும் இயலாது. இப்பொழுது பல இடங்களில் காகிதத்தின் ஸ்தானத்தைக் கைப்பேசி எடுத்துக்கொண்டிருந்தாலும், இந்த விதி மாறவில்லை.

பொருள் திரட்டும் வேலையை விழாவுக்கு 6 மாதங்களுக்கு முன்பே தொடங்குவது நலம். கடைக்காரர்களுக்கு எழுதும் கடிதத்தில், நிதி எதற்காக என்பதை ஒரே வாக்கியத்தில் தெளிவாகச் சொல்லி, பொருளை யார் வந்து எந்த நாளில் பெற்றுக்கொள்வார் என்பதையும் குறிப்பிட வேண்டும். இரண்டு விருந்தினருக்கு ஒரு பொருள் என்பது அநுபவத்தில் கண்ட அளவு. 200 பேர் வரும் விருந்தில் 300 பொருள்களைப் பரப்பினால் போட்டி சிதறி, நல்ல பொருளும் அடிமாட்டு விலைக்குப் போய்விடும். எங்கும் வாங்கக் கிடைக்காதவையே அதிகத் தொகை ஈட்டுகின்றன: ஒரு வகுப்புக் குழந்தைகள் அனைவரும் ஆளுக்கொரு துண்டில் சித்திரம் தீட்டித் தைத்த போர்வை, ஒரு நாள் தலைமையாசிரியராக அமரும் உரிமை, பட்டமளிப்பு விழாவில் முன்வரிசை இருக்கைகள் போன்றவற்றுக்குப் பெற்றோர் போட்டியிடும் ஆர்வம் தங்க நகைக்கும் எழுவதில்லை. மாறாக, தம் செலவை முதலில் எடுத்துக்கொண்டு மீதியை மட்டும் தரும் உல்லாசப் பயணத் திட்டங்களைத் தீர ஆலோசித்தே ஏற்க வேண்டும்.

விலை நிர்ணயத்துக்கு ஓர் உதாரணம் பார்ப்போம். 100 டாலர் பெறுமானமுள்ள ஹோட்டல் விருந்துச் சீட்டு ஒன்று வந்திருக்கிறது. ஆரம்பக் கேள்வியைக் கடைவிலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடையில் வைப்பது வழக்கமாதலால், இதற்கு 40 டாலர் பொருந்தும். உயர்வுத் தொகை 10 டாலர். 40, 50, 60 என்று தொகைகளை முன்னதாகவே அச்சிட்டு வைத்தால், கேட்பவர் தம் எண்ணை மட்டும் எழுதினாற் போதும். கணக்குப் பிழைக்கும் இடமில்லை. சீட்டு எந்தத் தேதி வரையில் செல்லும், எத்தனை பேருக்கு என்ற நிபந்தனைகளையும் அங்கேயே அச்சிட வேண்டும். பொருளை எடுத்த பிறகு தெரியவரும் நிபந்தனை மனக்கசப்பையே விளைவிக்கும்.

முடிவு நேரம் இந்த ஏலத்தின் உயிர்நிலை. 17-ஆம் நூற்றாண்டு லண்டனில் ஓர் அங்குல மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து, சுடர் அணைவதற்கு முன் கடைசியாகக் கேட்டவருக்கே பொருள் என்று ஏலம் விட்டார்கள். சுடர் அணையும் தறுவாயில் புகை கீழ்நோக்கி இறங்கும் என்பதைக் கவனித்து வைத்திருந்து சரியான தருணத்தில் குரல் கொடுத்த ஒருவரைப் பற்றி, சாமுவேல் பீப்ஸ் என்ற ஆங்கிலேயர் தம் 1662-ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கடைசிக் கணத்துக்காகக் காத்திருக்கும் அந்தச் சுபாவம் இன்றும் மாறவில்லை. ஆகையால், எல்லா மேஜைகளையும் ஒரே நேரத்தில் மூடாமல், பகுதி பகுதியாகப் பதினைந்து நிமிஷ இடைவெளியில், முன்னறிவிப்புச் செய்து மூடினால், ஒன்றை இழந்தவர் அடுத்த மேஜைக்குச் செல்ல அவகாசம் கிடைக்கிறது. விருந்து முடிவதற்கு முன்பே கடைசி மேஜையும் மூடப்பட்டால்தான், பணம் பெறும் இடத்தில் நெரிசலின்றிக் கணக்குகளை முடிக்க முடியும்.

இரண்டாவது தடையாக முன்பு சொன்ன ஐயத்தைப் போக்குவது கணக்கு. அமெரிக்க வரிச் சட்டப்படி, மேற்சொன்ன விருந்துச் சீட்டை 130 டாலருக்கு எடுத்தவர், கடைவிலைக்கு மேற்பட்ட 30 டாலரை மட்டுமே நன்கொடையாகக் காட்டலாம். 75 டாலருக்கு மேல் செலுத்திப் பொருள் பெறுகிறவருக்கு அதன் மதிப்பை எழுத்து மூலம் தெரிவிப்பது தர்ம ஸ்தாபனத்தின் கடமை. தம் உழைப்பையோ, தம் விடுமுறை இல்லத்தில் ஒரு வாரம் தங்கும் உரிமையையோ அளித்தவர் அதன் மதிப்புக்கு வரிச்சலுகை கோர முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

இறுதியாக, பலரும் மறந்துவிடும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பொருளை ஒருவர்தாம் எடுக்க முடியும். ஆனால், அதைக் கேட்டு விட்டுக்கொடுத்தவர்கள் கொடுக்கச் சம்மதித்த தொகையெல்லாம் அக்காகிதத்தில் இருக்கிறது. ஆதலால், கூட்டம் கலையுமுன் நிதியின் உத்தேசத்தை எடுத்துச் சொல்லி, அவரவர் இயன்றதை நேராக அளிக்கவும் ஒரு வாய்ப்பு ஏற்படுத்த வேண்டும். பிறகு, வசூலானது எவ்வளவு, செலவு எவ்வளவு, மீதி எந்தக் காரியத்துக்குச் சென்றது என்பதை, பொருள் அளித்தவர்களுக்கும் எடுத்தவர்களுக்கும் எழுதுவதோடு நில்லாமல், கேட்டும் கிடைக்காதவர்களுக்கும் நன்றியோடு எழுதித் தெரிவிக்க வேண்டும். அவர்களையும் கொடையாளிகளாகவே மதிக்கும் ஸ்தாபனத்துக்கு, அடுத்த ஆண்டு ஏலத்தின் பாதி வேலை அந்தக் கடிதத்திலேயே முடிந்துவிடுகிறது.