வலி ஊசி போட்டதும் தாத்தா அசந்து தூங்குறாரா? ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுங்க!

இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்த முதல் ராத்திரி. ராஜபாளையமோ ஸ்ரீவில்லிபுத்தூரோ, எந்த ஆஸ்பத்திரியிலும் கட்டில் பக்கத்தில் விடிய விடிய இருப்பது வீட்டு ஆள்தான். வலியில் முனகியவர் ஊசி போட்டதும் தூங்கினால் நமக்கும் நிம்மதி. ஆனால், அந்தத் தூக்கத்தையும் கொஞ்சம் கவனிக்கணும்.

ஏன் கவனிக்கணும்?

மார்ஃபின், ஃபென்டனில், ட்ரமடால் போன்றவை ஓபியாய்டு வகை மருந்துகள். வலியைக் குறைக்கும் இவை, மூச்சை இயக்கும் மூளைப் பகுதியையும் மந்தமாக்கலாம். பெரும்பாலும் முதலில் அளவுக்கு மீறிய தூக்கம், பிறகுதான் மூச்சு குறையும்.

முதியவர்களுக்கு ஏன் ஆபத்து அதிகம்?

வயது ஏற ஏற சிறுநீரகத்தின் வேகம் குறையும். அதனால் மார்ஃபின் உடலில் தேங்கும். தூக்க மாத்திரை, மது, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் பிரச்னை ஆகியவை இருந்தால் ஆபத்து கூடும். இதையெல்லாம் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிடுங்க.

எதைப் பார்க்கணும்?

* மூச்சு: நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 10-க்குக் கீழே போனால் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்க.
* விழிப்பு: பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போவது எச்சரிக்கை. எழுப்பியும் எழவில்லை என்றால், உதடு நீலமானால் அவசரம்.
* விரலில் மாட்டும் கருவி: ஆக்சிஜன் வைத்திருக்கும்போது மூச்சு குறைந்தாலும் அளவு 98 என்றே காட்டலாம். அதை மட்டும் நம்பாதீங்க.
* நடை: தலைசுற்றி விழலாம். பாத்ரூமுக்குத் தனியாக அனுப்பாதீங்க.

மாற்று மருந்து உண்டு: நலோக்சோன். ஆனால் அதன் வேலை 30 முதல் 90 நிமிஷத்தில் தீர்ந்து, மயக்கம் திரும்பலாம். அதன் பிறகும் கண்காணிப்பு தேவை.

வீட்டுக்கு வந்த பிறகு?

மதுரையில் ஆபரேஷன் முடித்து ஊர் திரும்பியவர்களுக்கும் இதே கவனம் வேணும். வலி இன்னும் இருக்குதேன்னு கூடுதல் மாத்திரை கொடுக்காதீங்க. ஃபென்டனில் பட்டை ஒட்டியிருந்தால் அதன் மேல் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது. சூட்டில் மருந்து வேகமாக உள்ளே போகும். புதியதை ஒட்டும் முன் பழையதை எடுத்துடணும். எழுப்ப முடியவில்லையா? 108.

அப்போ வலி மருந்தே வேண்டாமா?

அப்படியில்லை. வலியோடு படுத்தே கிடந்தால் இருமக்கூட முடியாமல் நுரையீரலில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும். வலி தெரியாமல் எழுந்து நடக்க வைப்பதும் சிகிச்சைதான். மருந்தை நிறுத்த வேண்டாம். ஊசி போட்ட பிறகு பக்கத்தில் இருப்பவர் கண் வைத்திருந்தால் போதும்.